எந்தப் பேட்டையில் குடியிருப்பது? சென்னை வணிகர்களுக்கு ஒரு குடியிருப்புக் கணக்கு



கடைக்கு இடம் பார்க்கும்போது நாம் எடுத்துக்கொள்ளும் சிரத்தை கொஞ்சநஞ்சமல்ல. தெருவில் எத்தனை வீடுகள், எதிரே யார் கடை, பஸ் நிறுத்தம் எவ்வளவு தூரம், சரக்கு வண்டி வாசல் வரை வருமா என்று பத்து நாள் அலைந்து பார்த்த பிறகே முன்பணம் கொடுக்கிறோம். குடும்பம் குடியிருக்க வீடு பார்க்கும்போது இந்தச் சிரத்தையில் கால் பங்குகூட இருப்பதில்லை. தரகர் காட்டிய இரண்டு வீடுகளில் வாடகை குறைந்ததைப் பிடித்துவிடுகிறோம். அல்லது ஊர்க்காரர்கள் நாலு பேர் இருக்கிறார்கள் என்பதற்காக அங்கேயே போய்விடுகிறோம்.

சிறு வணிகருக்கு வீடு என்பது தொழிலின் இன்னொரு பகுதி. வீடு எங்கே இருக்கிறதோ அதைப் பொறுத்தே அவர் எத்தனை மணிக்குக் கடை திறக்க முடியும், எத்தனை மணி நேரம் தூங்க முடியும், மதியம் வீட்டுச் சாப்பாடு கிடைக்குமா, பிள்ளைகளை விழித்திருக்கும்போது பார்க்க முடியுமா என்பதெல்லாம் அமைகிறது. ஆகவே இந்தப் பாடத்தில் சென்னையை எடுத்துக்காட்டாக வைத்து, குடியிருக்கும் பேட்டையைத் தேர்ந்தெடுக்கும் முறையைப் பார்ப்போம். மற்ற நகரங்களில் உள்ள அன்பர்கள் இடப்பெயர்களை மாற்றிக்கொண்டு இதே கணக்கைப் போட்டுக்கொள்ளலாம்.

1. பழைய முறையும் இன்றைய நகரமும்

தென் மாவட்டங்களிலிருந்து சென்னைக்கு வந்து மளிகைக் கடை வைத்த நம் முன்னவர்களுக்கு இந்தக் கேள்வியே எழவில்லை. முன்பக்கம் கடை, பின்பக்கம் ஓர் அறை, அல்லது மேலே மாடி, அதுவே வீடு. பலர் குடும்பத்தை ஊரிலேயே விட்டுவிட்டுக் கடைக்குள்ளேயே அரிசி மூட்டைகளுக்கு நடுவே படுத்து எழுந்தார்கள். கொத்தவால் சாவடிக்குப் போய்க் காய்கறி எடுத்து, கையோடு ஜார்ஜ் டவுன் தெருக்களில் மளிகைச் சரக்கும் வாங்கி ஒரே வண்டியில் ஏற்றிவிடலாம்.

அந்த நகரம் இன்று இல்லை. 1996-ல் கொத்தவால் சாவடியின் காய்கறி மொத்த வணிகம் கோயம்பேட்டுக்குப் போனது. 2002-ல் வெளியூர்ப் பேருந்து நிலையம் பாரிமுனையிலிருந்து கோயம்பேட்டுக்கு மாறியது. 2011-ல் மாநகராட்சியின் எல்லை 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 சதுர கிலோமீட்டராக விரிந்தது. 2023 டிசம்பர் 30 அன்று கிளாம்பாக்கம் பேருந்து முனையம் திறக்கப்பட்டு, தென் மாவட்டப் பேருந்துகள் அங்கிருந்து புறப்படத் தொடங்கின. மொத்தச் சரக்கு ஒரு திசையிலும் வாடிக்கையாளர் இன்னொரு திசையிலும் ஊருக்குப் போகும் வழி மூன்றாவது திசையிலும் பிரிந்துவிட்டன. வீட்டை எந்தத் திசையில் வைப்பது என்பதை இப்போது யோசித்தே முடிவு செய்ய வேண்டியிருக்கிறது.

2. வாடகை ஒரு வரி. மீதி வரிகள் எங்கே?

வாடகை குறைவு என்பதால் மட்டும் ஓர் இடம் மலிவாகிவிடாது. பேரேட்டில் ஒரு வரியை மட்டும் படித்து இலாபம் சொல்ல முடியாதது போலத்தான் இதுவும். ஓர் எடுத்துக்காட்டு பார்ப்போம். எண்கள் கணக்குக்காகப் போட்டவை. அவரவர் எண்களை அவரவர் போட்டுக்கொள்ள வேண்டும்.

மேற்கு மாம்பலத்தில் ஒருவருக்கு மளிகைக் கடை. காலை 6 மணிக்குத் திறந்து இரவு 10 மணிக்கு அடைக்கிறார். கடையிலிருந்து பத்து நிமிட நடையில் ஒரு வீடு, மாத வாடகை ரூ.20,000. ஊரப்பாக்கத்தில் அதே அளவு வீடு ரூ.11,000. வித்தியாசம் ரூ.9,000. இதை மட்டும் பார்த்தால் ஊரப்பாக்கமே இலாபம்.

இப்போது பற்றுப் பக்கத்தை எழுதுவோம். இருசக்கர வண்டியில் போக வர நாளொன்றுக்குச் சுமார் 50 கி.மீ. லிட்டருக்கு 50 கி.மீ. ஓடும் வண்டி என்றால் தினம் ஒரு லிட்டர் பெட்ரோல்; லிட்டர் ரூ.100 என்று வைத்தால் மாதம் ரூ.3,000. டயர், ஆயில், பழுதுபார்ப்பு ரூ.700. மதியம் வீட்டுக்குப் போய் வர முடியாது. ஓட்டல் சாப்பாடு நாளுக்கு ரூ.100 வீதம் ரூ.3,000. மொத்தம் ரூ.6,700. ஆக உண்மையில் மிஞ்சுவது ரூ.2,300.

அடுத்தது நேரம். அருகில் குடியிருந்தால் போக வர 20 நிமிடம். தொலைவில் குடியிருந்தால் ஒரு நடைக்கு 50 நிமிடம் வீதம் 100 நிமிடம். நாளுக்கு 80 நிமிடம் கூடுதல். முப்பது நாளுக்கு 40 மணி நேரம். அதாவது ரூ.2,300-க்காக 40 மணி நேரத்தைக் கொடுக்கிறார். மணிக்கு ரூ.58-கூட இல்லை. கடைப் பையனுக்கு இந்தக் கூலி பேசினால் அவன் வேலைக்கு வருவானா? வராத கூலிக்கு முதலாளி தன்னையே வாடகைக்கு விடுகிறார்.

இதே கணக்கு வேறு மாதிரியும் முடியலாம். கடை மாம்பலம் ரயில் நிலையத்தை ஒட்டி இருக்கிறது, வீடும் ஊரப்பாக்கம் நிலையத்துக்கு அருகில் இருக்கிறது, அவர் மின்சார ரயிலில் வருகிறார், மதியச் சாப்பாடு கட்டிக்கொண்டு வருகிறார் என்று வைப்போம். சீசன் டிக்கெட், வண்டி நிறுத்தம் எல்லாம் சேர்த்து ரூ.1,000 என்றால் மிஞ்சுவது ரூ.8,000. அதே 40 மணி நேரத்துக்கு மணிக்கு ரூ.200. இரண்டு கணக்கிலும் ஊர் ஒன்றுதான், வாடகையும் ஒன்றுதான்; பயணமும் சாப்பாடும் மாறியதால் விடை மாறிவிட்டது. ஆகவே “அந்தப் பகுதி நல்லதா?” என்று பொதுவாகக் கேட்பதில் பயனில்லை. “என் கடை நேரத்துக்கு அந்தப் பகுதி சரிவருமா?” என்று கேட்க வேண்டும்.

3. தொழிலுக்குத் தொழில் பேட்டை மாறும்

காய்கறி, பழ வியாபாரிகள்: கோயம்பேட்டில் நள்ளிரவுக்குப் பின் லாரிகள் இறங்கி, விடிவதற்குள் நல்ல சரக்கு கைமாறிவிடும். மெட்ரோ ரயிலின் முதல் வண்டி காலை 5 மணி வாக்கில்தான் புறப்படும். அதை நம்பிக் கொள்முதலுக்குப் போக முடியாது. சொந்த வண்டியோ, நாலு பேர் சேர்ந்து பேசிய குட்டியானையோதான் வழி. அரும்பாக்கம், விருகம்பாக்கம், மதுரவாயல், நெற்குன்றம் போன்ற பகுதிகளில் இருப்பவர் மூன்று மணிக்கு எழுந்தால் போதும். தாம்பரம் பக்கம் இருப்பவர் அதற்கும் முன்னே எழ வேண்டும். ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத் தூக்கம் என்பது பத்தாண்டில் உடம்பு கட்டும் வட்டி.

மளிகைச் சில்லறை வியாபாரிகள்: கொள்முதல் வாரத்துக்கு ஒன்றிரண்டு முறைதான், பல சரக்குகள் கடைக்கே வந்து இறங்குகின்றன. இவர்களுக்குக் கடைக்கு அருகில் இருப்பதே முக்கியம். விடியற்காலையில் பால் பாக்கெட் இறக்கும் நேரமும் இரவு அடைக்கும் நேரமும் நடந்து போகும் தூரத்தில் இருந்தால் உடம்பு தாங்கும். மதியம் இரண்டு மணி நேரம் வீட்டம்மா கல்லாவில் உட்கார, ஐயா சாப்பிட்டுக் கண்ணயர முடியும். இது ஓர் ஆள் சம்பளத்தில் பாதிக்குச் சமம்.

மொத்த வியாபாரிகள்: ஜார்ஜ் டவுனில் கடை வைத்திருப்பவர்கள் காலை பத்து மணி வாக்கில் திறந்து இரவு எட்டு மணிக்குள் அடைத்துவிடலாம். இவர்கள் ரயில் வழியை ஒட்டிக் கொஞ்சம் தள்ளிக் குடியிருந்தாலும் நட்டமில்லை. 2019 பிப்ரவரியில் வண்ணாரப்பேட்டை முதல் விமான நிலையம் வரை மெட்ரோ வழி முழுமையானது. 2021 பிப்ரவரியில் அது வடக்கே விம்கோ நகர் வரை நீண்டது. மண்ணடியிலும் உயர்நீதிமன்றத்திலும் இறங்கிக் கடைக்கு நடக்கலாம்.

அரிசி வியாபாரிகள்: செங்குன்றம் ஆலைகளோடும் மண்டிகளோடும் தினமும் வரவு செலவு இருப்பவர்கள் வடக்கிலும் வடமேற்கிலும் பார்ப்பது நல்லது. நகரைக் குறுக்காகக் கடந்து போகும் நேரம் மிச்சம்.

4. வரப்போகும் ரயிலுக்கு இன்றே வாடகை கொடுக்காதீர்கள்

“சார், ரெண்டு வருஷத்தில் ஸ்டேஷன் வந்துடும்” என்று தரகர் சொல்வார். பறக்கும் ரயில் 1995-ல் கடற்கரையிலிருந்து சேப்பாக்கம் வரையும், 1997-ல் மயிலாப்பூர் வரையும் ஓடத் தொடங்கியது. வேளச்சேரியை அது தொட்டது 2007-ல். வேளச்சேரியிலிருந்து பரங்கிமலைக்கு 5 கி.மீ. இணைப்பு வேலை 2008-ல் தொடங்கி, நிலம் எடுப்பதில் எழுந்த வழக்குகளால் பல ஆண்டுகள் முடங்கிக் கிடந்தது. அந்தப் பேச்சை நம்பி அதிக வாடகைக்குக் குடியேறியவர் கதி என்ன ஆகியிருக்கும்? ஓடுகிற ரயிலுக்கு மதிப்புப் போடுங்கள். வரப்போகிற ரயிலைத் தள்ளுபடியாக வைத்துக்கொள்ளுங்கள். மேலும், ரயில் வேலை நடக்கும் ஆண்டுகளில் சாலை குறுகி, சரக்கு வண்டி சுற்றிப் போக வேண்டி வரும் என்பதையும் பற்றுப் பக்கத்தில் எழுதுங்கள்.

5. தண்ணீர்: மிஞ்சினாலும் தொல்லை, குறைந்தாலும் தொல்லை

2015 டிசம்பர் முதல் வாரத்தில் அடையாற்றில் வெள்ளம் புரண்டபோது கோட்டூர்புரம், சைதாப்பேட்டை, ஜாபர்கான்பேட்டை, முடிச்சூர் பகுதிகளில் வீடுகள் மூழ்கின. 2023 டிசம்பர் 3, 4 தேதிகளில் மிக்ஜாம் புயல் மழையில் வேளச்சேரி, பள்ளிக்கரணை, பெரும்பாக்கம், முடிச்சூர் முதலிய இடங்கள் மீண்டும் தண்ணீரில் நின்றன. பள்ளிக்கரணை ஒரு சதுப்பு நிலம். தென்சென்னையின் பல ஏரிகளில் மிஞ்சும் நீர் அங்கேதான் வந்து சேரும். அதைச் சுற்றிக் கட்டடம் எழும்பிய பிறகும் தண்ணீருக்குப் பழைய வழி மறக்கவில்லை.

ஊர்ப் பெயரைக் கவனியுங்கள். ‘தாங்கல்’ என்றால் சிறு ஏரி. பெயரில் தாங்கல், ஏரி, குளம் இருந்தால் அங்கே போகவே கூடாது என்பதில்லை. தியாகராய நகரின் ஒரு பகுதிகூட 1920-களில் மாம்பலம் ஏரியைத் தூர்த்து உருவானதுதான். ஆனால் அப்படிப்பட்ட இடத்தில் தெருவுக்குத் தெரு மேடு பள்ளம் மாறும். வீட்டு வாசற்படி சாலையைவிட உயரமா தாழ்வா, பழைய சுவரில் தண்ணீர் நின்ற கறை இருக்கிறதா, 2015-லும் 2023-லும் எத்தனை அடி நின்றது என்று மூன்று வீட்டில் கேளுங்கள். வீடு மூழ்கினால் நாம் கடையைத் திறக்க முடியாது. கடை மூழ்கினால் வீட்டிலிருந்தாவது எழுந்து நிற்க வேண்டும். கடையும் வீடும் ஒரே பள்ளத்தில் இருப்பது, முதல் முழுவதையும் ஒரே சரக்கில் போடுவது போல.

குறைவின் கதை 2019. அந்த ஆண்டு ஜூனில் நகருக்குக் குடிநீர் தரும் ஏரிகள் வறண்டன. ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் கொண்டுவந்தார்கள். அடுக்குமாடிக் குடியிருப்பில் லாரித் தண்ணீர் வாங்கினால் அந்தச் செலவு பராமரிப்புக் கட்டணமாக நம் தலையில்தான் விழும். ஆகவே வாடகை பேசுமுன் குடிநீர் வாரியக் குழாய் இணைப்பு இருக்கிறதா, ஆழ்குழாய்த் தண்ணீர் உப்பா, கோடையில் மாதம் எத்தனை லாரி வாங்கினார்கள் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். 2003-ல் எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயமாக்கப்பட்ட மழைநீர் சேகரிப்புத் தொட்டி பெயருக்கு இருக்கிறதா, உண்மையில் வேலை செய்கிறதா என்றும் பாருங்கள்.

6. வீட்டில் சரக்கு வைப்போர் கவனத்திற்கு

கடை சிறிதாக இருப்பதால் வீட்டின் ஓர் அறையைக் கிடங்காகப் பயன்படுத்துவோர் நம்மில் பலர். வீடு பார்க்கும்போதே அதையும் மனத்தில் வைத்துப் பார்க்கிறோம். அதற்கு முன் நான்கு விஷயங்கள்:

அ) சரக்கு இருப்பு வைக்கும் வீடு, ஜி.எஸ்.டி. பதிவில் கூடுதல் தொழிலிடமாகச் சேர்க்கப்பட்டிருக்க வேண்டும்.

ஆ) உணவுப் பாதுகாப்பு உரிமமும் பதிவும் இடத்துக்கு உரியவை. கடைக்கு எடுத்தது வீட்டுக் கிடங்குக்குச் செல்லாது.

இ) வீட்டு மின் இணைப்பைத் தொழிலுக்குப் பயன்படுத்துவது 2003-ம் ஆண்டு மின்சாரச் சட்டப்படி தவறான உபயோகம். கண்டுபிடித்தால் உரிய கட்டணத்தைப் போல இரு மடங்காகக் கணக்கிடுவார்கள்.

ஈ) தீ, திருட்டுக் காப்பீடு பாலிசியில் எழுதிய முகவரியில் உள்ள சரக்குக்குத்தான். வீட்டில் எரிந்ததற்குக் கடைப் பாலிசி பணம் தராது.

இவற்றைச் சரிசெய்ய வீட்டு உரிமையாளரின் சம்மதம் தேவைப்படும். அதை முன்கூட்டியே பேசாமல் குடியேறிவிட்டுப் பிறகு மூட்டை இறக்கினால் மனக்கசப்புதான் மிஞ்சும். சம்மதம் கிடைக்காத வீட்டை, எவ்வளவு வசதியாக இருந்தாலும், கிடங்கு இல்லாத வீடாகவே கணக்கில் எழுதுங்கள்.

7. ஒப்பந்தம் எழுத்தில் இருக்கட்டும்

நம்பிக்கையின் பேரில் வாய்ப்பேச்சாகக் குடியேறும் வழக்கம் நம்மிடம் இன்னும் இருக்கிறது. 1960-ம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் போய், 2017-ல் இயற்றப்பட்ட புதிய வாடகைச் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறைக்கு வந்தது. இதன்படி ஒப்பந்தம் எழுத்து வடிவில் இருக்க வேண்டும். வாடகை அதிகாரியிடம் பதிவு செய்யவும் வேண்டும். ஒப்பந்தத்தில் வேறுவிதமாகச் சம்மதித்திருந்தாலொழிய மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் கேட்பது சட்டப்படி சரியல்ல. பத்து மாத முன்பணம் என்பது சென்னையில் ஊறிப்போன பழக்கம். ரூ.20,000 வாடகை வீட்டுக்குப் பத்து மாதம் என்றால் ரூ.2 இலட்சம், மூன்று மாதம் என்றால் ரூ.60,000. இடையிலுள்ள ரூ.1,40,000 நம் கடையில் சுழல வேண்டிய முதல். கேட்டுப் பார்ப்பதில் வெட்கம் என்ன?

சொந்தமாக வாங்க நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. கடையின் குத்தகை எத்தனை ஆண்டு உறுதி என்று முதலில் பாருங்கள். மூன்றாண்டில் கடையைக் காலிசெய்ய நேரலாம் என்ற நிலையில், கடைக்கு அருகில் என்பதற்காகவே கடன் வாங்கி வீடு வாங்குவது முறையல்ல. வாங்குவதானால் வில்லங்கச் சான்று, பட்டா, கட்டட அனுமதி மூன்றையும் வழக்கறிஞரிடம் காட்டுங்கள். எட்டு வீடுகளுக்கு மேற்பட்ட புதிய அடுக்குமாடித் திட்டம் என்றால் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில் பதிவாகியிருக்கிறதா என்றும் பாருங்கள்.

8. குடும்பத்தின் வாக்கு

கடைக்கு மேலேயே வீடு என்பதிலும் சங்கடம் உண்டு. இரவு பதினொரு மணிக்கு ஒரு தீப்பெட்டிக்காகக் கதவைத் தட்டுவார்கள். ஞாயிறு மதியமும் ஓய்வு இருக்காது. பிள்ளைகள் கல்லா ஓரத்தில் வீட்டுப்பாடம் எழுதுவார்கள். மொட்டை மாடியில் துணி காயப்போடக்கூட வீட்டம்மாவுக்குத் தனிமை இருக்காது. நடை தூரத்தில், ஆனால் அடுத்த தெருவில் என்பதே பல குடும்பங்களுக்கு ஏற்ற இடைவெளி.

தொலைவில் குடியிருப்பவர் அன்றைய கல்லாப் பணத்தோடு இரவு நெடுஞ்சாலையில் தனியே போக வேண்டியிருக்கிறது. கைபேசிப் பணப்பட்டுவாடா வந்த பிறகு ரொக்கம் குறைந்திருக்கிறது. ஆனால் களைத்த கண்களோடு வண்டி ஓட்டும் ஆபத்து குறையவில்லை.

பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, கோயில், உறவு, ஊருக்குப் போகும் வண்டி இவற்றை வீட்டில் உள்ளவர்களே நம்மைவிட நன்றாக எடைபோடுவார்கள். பகல் முழுவதும் அந்தத் தெருவில் வாழப்போவது அவர்கள்தான். முடிவு சொல்லிவிட்டு அழைத்துக்கொண்டு போகாமல், அழைத்துக்கொண்டு போய் முடிவு கேளுங்கள்.

9. பகுதியைப் படிக்கும் வழி

இதில் நமக்கு மற்றவர்களுக்கு இல்லாத ஒரு வசதி உண்டு: நாம் கடைக்காரர்கள். புதுப் பகுதிக்குப் போனால் முதலில் அங்குள்ள மளிகைக் கடையில் போய் நில்லுங்கள். எண்ணெய் லிட்டராகப் போகிறதா, ஐம்பது கிராம் பாக்கெட்டாகப் போகிறதா? கேன் தண்ணீர் எத்தனை அடுக்கி வைத்திருக்கிறார்? கொசுவத்தி எவ்வளவு ஓடுகிறது? மெழுகுவத்தி முன்வரிசையில் இருக்கிறதா? பற்று நோட்டு எவ்வளவு தடிமன்? அந்தப் பகுதியின் வருமானம், தண்ணீர், சாக்கடை, மின்தடை அத்தனையும் அந்த அலமாரிகளில் எழுதியிருக்கும். தொழிலில் உடன்பிறந்தவர் என்று சொன்னால் அந்தக் கடைக்காரரே மீதியையும் சொல்லிவிடுவார்.

பின்பு ஒரே பகுதிக்கு நான்கு நேரம் போங்கள்: நீங்கள் கொள்முதலுக்குக் கிளம்பும் விடியற்காலை, பள்ளி திறக்கும் நேரம், கடை அடைத்து வரும் இரவு, பலத்த மழை பெய்த மறுநாள். தரகர் காட்டுவது ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணித் தெரு. நாம் வாழப்போவது மற்ற நேரங்களின் தெருவில்.

பயிற்சி

ஒரு தாளை இரண்டாக மடித்து, வீடு தேடும் ஒவ்வொரு பகுதிக்கும் கீழ்க்கண்டவற்றை எழுதிப் பாருங்கள்.

1. வாடகை, பராமரிப்பு, தண்ணீர்: மாதம் மொத்தம் எவ்வளவு?
2. பயணம், வெளிச்சாப்பாடு: மாதம் எவ்வளவு?
3. மாதத்தில் எத்தனை மணி நேரம் சாலையில் போகிறது? மிஞ்சும் தொகையை அதனால் வகுத்தால் மணிக்கு என்ன விலை?
4. 2015, 2019, 2023 மூன்று ஆண்டுகளிலும் அந்தத் தெரு எப்படி இருந்தது?
5. முன்பணமாக முடங்கும் முதல் எவ்வளவு?
6. நாம் படுத்துவிட்டால், கடையை அன்றைக்குத் திறக்க வீட்டிலிருந்து யாரால் போக முடியும்?

ஆறாவது கேள்விக்கு “யாராலும் முடியாது” என்று பதில் வந்தால், முதல் ஐந்தையும் இன்னொரு முறை கூட்டிப் பாருங்கள். கல்வியாண்டு முடியும் ஏப்ரல், மே மாதங்களில்தான் பெரும்பாலோர் வீடு மாற்றுவார்கள். கணக்கை அதற்கு மூன்று மாதம் முன்பே போட்டு வைப்பவருக்கு நல்ல வீடு நிதானமாகக் கிடைக்கும். உறுப்பினர்கள் இந்தத் தாளைக் குடும்பத்தாரோடு உட்கார்ந்து நிரப்பிப் பார்க்குமாறு அன்புடன் கேட்டுக்கொள்கிறோம்.